பொட்டி எழுதிய ஒன்பது எண்

பொட்டிக்கு இடது காது கேட்காது. ஐந்து விரலும் அச்சடித்த மாதிரிப் பதிந்த ஒரே அறையில் போன காது அது. அறைந்தது அந்நியன் இல்லை, சொந்த மச்சான், அக்கா புருஷன். பதிலுக்குப் பொட்டி வீசிய ஸ்பானர் மச்சானின் முன்பல் இரண்டை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து மச்சான் சிரித்தால் விசில் வரும், பொட்டியைக் கூப்பிட்டால் பதில் வராது. இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, "அந்த ஆளை அந்தச் சொம்ப நகர்த்தச் சொல்லுக்கா" என்று அக்கா வழியாகத்தான் சண்டை நடந்தது. அக்காவும் தபால்காரி வேலையை அலுக்காமல் செய்தாள். வசவை மட்டும் வழியிலேயே தொலைத்துவிடுவாள்.

அடியின் காரணம் ஒரு அண்டா.

துறைமுகத்தில் எல்லாப் படகிலும் ஒரு பெட்டி உண்டு. டிரான்ஸ்பாண்டர் என்று அதன் பெயர். சொல்ல வாய் வலிப்பதால் எல்லாருக்கும் அது பெட்டிதான். அதை மாட்டுகிறவன் பொட்டி. ரேடார் என்பது கண் மாதிரி, எதிரே ஏதோ ஒன்று வருகிறது என்பதோடு சரி. பாறையா, படகா, எவன் படகு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பெட்டி அப்படியில்லை, அது வாய். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, "நான் இந்த எண், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தப் பக்கம், இந்த வேகத்தில் போகிறேன்" என்று வானொலியில் கத்திக்கொண்டே இருக்கும். சுற்றி இருக்கிற எல்லாப் படகின் திரையிலும், கரையில் துறைமுக ஆபீஸ் திரையிலும் அது ஒரு சின்ன முக்கோணமாக நகரும்.

கத்துகிற வாயை மூட மீனவனுக்கு வழி தெரியாதா? சமையல் அண்டாவை எடுத்து ஆன்டெனா மேல் கவிழ்த்தால் முடிந்தது. திரையில் படகு காணாமல் போய்விடும். போகக்கூடாத இடத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். "அவன் அண்டா கவுத்துட்டான்" என்றால் துறைமுகத்தில் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தொல்லை, அண்டா கம்பத்தில் இருக்கும்வரை படகில் சோறு கிடையாது. திருட்டு மீன் பிடிக்கிறவனெல்லாம் பட்டினியாகத்தான் பிடித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மீன் முட்டையிடும் தடைக்காலத்தில், மச்சானும் தன் 'மைனா'வில் அண்டா கவிழ்த்தார். படகு கிளம்பும்போது, அத்தனை பேர் பார்க்க, பொட்டி கம்பத்தில் ஏறி அந்த அண்டாவில் டிரில்லால் ஏழு ஓட்டை போட்டுவிட்டு இறங்கினான். மச்சான் அதையே கவிழ்த்துக்கொண்டு போனார். ஓட்டை வழியாகப் பெட்டி நன்றாகவே கத்தியது. ரோந்துக் கப்பல் பிடித்தது. பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்துதான் அறைந்தார். அதற்கு முந்தின வருஷம் அண்டா கவிழ்த்துப் போன இன்னொரு படகைப் பனிமூட்டத்தில் சரக்குக் கப்பல் ஏறி மிதித்து, ஒரு ஆளின் உடம்பு பாதிதான் கரை ஒதுங்கியது என்பதைப் பொட்டி யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. அவனுக்கு விளக்கம் சொல்ல வராது, ஓட்டை போடத்தான் வரும்.

அவன் படித்தது எட்டாவது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் விமான நிலையத்தில், ரிப்பேர் கொட்டகையில் துடைக்கிற வேலை. விமானத்திலும் பெட்டி இருந்தது. தரையிலிருந்து ரேடார் 'யாரது' என்று கேட்டால் அது நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்லும். அந்தப் பெட்டி பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டை ஒன்றைத் துடைத்துத் துடைத்தே பொட்டி மனப்பாடம் செய்துவிட்டான். ஏழு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம். விமானியின் கழுத்தில் எவனாவது கத்தி வைத்தால், அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். இந்த நாலு எண்ணைத் திருப்பினால் போதும், விமானம் கடத்தப்பட்டது என்று தரையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கத்தி வைத்தவன் பக்கத்திலேயே நின்றிருப்பான், அவனுக்கு அது வெறும் எண். பொட்டிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு கொட்டகை சூப்பர்வைசர் அவன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல, பொட்டி அவரைத் தூக்கி எண்ணெய்த் தொட்டியில் உட்கார வைக்க, வேலை போய்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான்.

அது மூட்டம் இறங்குகிற மாதம். விடிந்தாலும் விடியாத மாதிரி இருக்கும். கடலில் இரண்டு துடுப்பு தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது, திரையைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள். சிறிய படகுகள் எல்லாம் போய்விட்ட பிறகு, காலை ஆறு மணிக்கு, பட்டறைக் கதவை எவனோ உதைத்தான். தட்டுகிறவன் வாடிக்கைக்காரன், உதைக்கிறவன் வேறு ஜாதி என்று பொட்டிக்குத் தெரியும். எழுந்திருப்பதற்குள் தாழ்ப்பாள் பறந்து வந்து அவன் நெற்றியில் விழுந்தது.

வந்தது மூன்று பேர். முதலில் டன். 'கோட்டை' என்ற பெரிய இரும்புப் படகின் முதலாளி. மீன், ஐஸ், டீசல், மனுஷன் எதையும் டன்னில்தான் பேசுவார். அடுத்து அவருடைய படகை ஓட்டுகிற டிரைவர், கையில் மீனைக் குத்தி இழுக்கிற கொக்கிக் கம்பு. கடைசியாகக் 'கோட்டை'யின் சமையல்காரன், கையில் அண்டா. அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, கீழே வைக்கவும் யாரும் சொல்லவில்லை.

டிரைவர் ஒரு பெட்டியை மேஜையில் போட்டான். 'கோட்டை'யிலிருந்து கழற்றியது. பொட்டி நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, ரிப்பேரா என்று கேட்டான். டன் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

போன வாரம் ஐஸ் கூடத்துக்கு முன்னால் நடந்த அடிதடியில் டன்னுடைய மகனின் கையைச் செம்பட்டை என்பவன் துடுப்பால் உடைத்திருந்தான். செம்பட்டை சிறுபடகுக்காரர்களில் பெரிய கை, தலைமுடி செம்பு நிறம், கோபமும் அதே நிறம். கரையை ஒட்டிய கடல் பட்டையில் இரும்புப் படகு வரக்கூடாது, அது எங்கள் இடம் என்பது அவன் கட்சி. இன்றைக்கு மூட்டத்தில் 'கோட்டை' அந்தப் பட்டைக்குள் போகும். செம்பட்டையின் படகை நடுவில் வைத்துப் பிளக்கும். கரையில் ஆபீஸ் திரையில் மட்டும் அங்கே 'கோட்டை' இருக்காது. மச்சானின் 'மைனா' இருக்கும். செம்பட்டைக்கும் மச்சானுக்கும் வலை போடும் இடத்தில் பழைய தகராறு, ஊரே அறியும். செம்பட்டையின் மகன்கள் மூன்று பேர், மூன்றும் மாடு மாதிரி. அப்பன் பிணம் கரைக்கு வந்த அன்றே மச்சானை வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஒரே கல்லில் டன்னுக்கு இரண்டு மாங்காய்.

"அவன் எண்ண இதுல எழுதிக் குடு. உனக்கும் அவனுக்கும்தான் ஆகாதே. காதுக்குப் பழி வாங்கின மாதிரியும் ஆச்சு" என்றார் டன்.

நிஜ 'மைனா' வேறு கடலில் கத்திக்கொண்டிருக்குமே, ஒரே எண் இரண்டு இடத்தில் வருமே என்று பொட்டி கேட்டான். அதன் பெட்டிக்குப் போகிற ஆன்டெனா ஒயரை மட்டும் நேற்றே வெட்டியாகிவிட்டது என்றான் டிரைவர். 'மைனா' இன்றைக்கு ஊமை. மூட்டத்தில் தன்னை யாருக்கும் காட்ட முடியாமல், யாரையும் திரையில் பார்க்கவும் முடியாமல் மச்சான் கடலில் கிடக்கிறார் என்று அப்போதுதான் பொட்டிக்கு உறைத்தது.

பெட்டிக்கு எண் எழுத ஒரு தடவைதான் முடியும். அப்புறம் அழித்து மாற்றுவதற்குத் தனி கேபிளும் கடவுச்சொல்லும் வேண்டும். அந்தத் துறைமுகத்தில் அது இருந்தது பொட்டியிடம் மட்டும். அவன் முடியாது என்றான். கொஞ்சம் நீட்டியே சொன்னான், அதில் டன்னின் பரம்பரையும் வந்தது.

கொக்கிக் கம்பின் கட்டை முனை விலாவில் இறங்கியது. முதல் அடியில் மூச்சு போனது, இரண்டாவதில் உள்ளே ஏதோ மளுக்கென்றது. டிரைவர் அவனை மேஜைக்கு இழுத்துப் போய், அவன் இடது கையைப் பிடித்து, மேஜை ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குள் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான்.

"வலது கைய விட்டுடு. டைப் அடிக்கணும்ல" என்றார் டன், அக்கறையாக.

சுண்டு விரல் முதலில் போனது. சத்தம் காய்ந்த விறகு மாதிரி இருந்தது. சமையல்காரன் அண்டாவுக்குள் வாந்தி எடுத்தான். அடுத்த விரலுக்கு டிரைவர் அரைச் சுற்று சுற்றியபோது, பொட்டி எழுதித் தருகிறேன் என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். அந்த அழுகை நிஜம்.

கணினியைத் திறந்து, கேபிளை மாட்டி, ஒற்றைக் கையால் கடவுச்சொல்லைத் தட்டினான். பழைய எண் அழிந்தது. இரண்டு கட்டம் காலியாக நின்றது, ஒன்று பெயருக்கு, ஒன்று எண்ணுக்கு. பெயர்க் கட்டத்தில் 'மைனா' என்று அடித்தான். எண் கட்டத்தின் முன் அவன் விரல் கொஞ்சம் நின்றது.

அந்தத் துறைமுகத்தில் படகைப் பெயரால் தெரியும், வர்ணத்தால் தெரியும், எஞ்சின் இருமுகிற இருமலால்கூடத் தெரியும். ஒன்பது இலக்க எண்ணால் எவனுக்கும் எவன் படகும் தெரியாது. தன் படகின் எண்ணே தெரியாதவர்கள்தான் எல்லாரும். ஆனால் திரைகளுக்குப் பெயர் பெரிசில்லை, எண்தான் பெரிசு. தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்று தொடங்குகிற எண் எந்தப் படகுக்கும் கிடையாது. அது, கடலில் விழுந்தவன் உடுப்பில் இருக்கிற கருவிக்கு மட்டும் உரிய எண். அந்த மூன்று இலக்கம் வந்தால் சுற்றியிருக்கிற ஒவ்வொரு திரையிலும் சிவப்பு வட்டம் விழும், உள்ளே பெருக்கல் குறி, கூடவே காதைப் பிய்க்கிற மணி. தண்ணீரில் ஆள்.

ஏழு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, பொட்டி ஒன்பது, ஏழு, இரண்டு என்று அடித்தான். மிச்சம் ஆறும் கைக்கு வந்தபடி அடித்தான்.

டிரைவர் குனிந்து பார்த்தான். 'மைனா' என்று வாய்விட்டு எழுத்துக் கூட்டினான். "நம்பர் இதுதானா? நம்பர் எழுதின புத்தகத்தப் பாத்துச் சொல்லு."

"புத்தகமெல்லாம் உங்களுக்கு. எனக்கு எல்லாம் தலையில இருக்கு. நம்பிக்கை இல்லன்னா அவர்கிட்டயே போய்க் கேட்டுட்டு வாங்க" என்றான் பொட்டி.

அதற்காக ஒரு அறை கிடைத்தது. நல்ல வேளை, இடது பக்கம். ஏற்கெனவே போன காது.

தகரக் கூரைக்குக் கீழே பெட்டிக்கு வானம் தெரியாது, அதனால் இன்னும் வாயைத் திறக்கவில்லை. படகில் மாட்டி, யாரும் கூப்பிடாதபடி வானொலியை அணைத்து, பட்டைக்குள் போகும்வரை அண்டாவைக் கவிழ்த்து, செம்பட்டையை நெருங்கியதும் எடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். டன் கரையிலேயே நின்றுகொண்டார். கிளம்பும் முன் டிரைவர் வைஸை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, கைப்பிடிக் கம்பியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டான். "சாயங்காலம் வந்து தொறந்து விடறேன். அதுவரைக்கும் இதோட கை குலுக்கிட்டு இரு." கதவு சாத்தியது. வெளியே பூட்டு விழுந்தது.

பொட்டிக்கு வலியிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. அண்டாவை எடுத்த மறு நிமிஷம் ரோந்துக் கப்பல் பாய்ந்து வரும், டிரைவர் முழிப்பான் என்று நினைத்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

சிவப்பு வட்டம் விழுந்தால் அந்தக் கடலில் ஒரு பழக்கம் உண்டு. பகையாளியோ பங்காளியோ, வலையை அறுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் அங்கே போவார்கள். ரோந்துக் கப்பல் வர முக்கால் மணி ஆகும். சிறுபடகுகள் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். எல்லாருக்கும் முன்னால் போகிறவர் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேகமான எஞ்சின், அதைவிட வேகமான முன்கோபம். திரை செத்திருந்தாலும் வானொலியில் வழி கேட்டுக்கொண்டு, பெட்டி ஊமையாக, மூட்டத்துக்குள், இடிக்கவென்றே வந்திருக்கும் இரும்பு மூக்குக்கு நேராக மச்சான் போய் நிற்பார். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தானே வரவழைத்துக் கொல்லப் போகிறோம்.

வானொலிக் கருவி எதிர் அலமாரியில், நாலடி தூரத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தான், இரண்டடி குறைந்தது. காலால் துழாவினான், நாற்காலிதான் விழுந்தது. வைஸை வெறும் கையால் திருப்பிப் பார்த்தான், உள்ளங்கைத் தோல்தான் கிழிந்தது. இப்படியே ஒரு மணி நேரம் போனபோது கருவி பேசத் தொடங்கிவிட்டது. செம்பட்டையின் கரகரத்த குரல்.

"மைனா, மைனா. உங்க பேரப் போட்டு செவப்பு வட்டம் வருது. உங்காளு யாராச்சும் விழுந்துட்டானா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு விசிலோடு மச்சான் குரல், நாங்க நாலு பேரும் இருக்கோம், என் திரை செத்துக் கிடக்கு, எந்தப் பக்கம்னு சொல்லு என்றது. செம்பட்டை திசை சொன்னான். இரண்டு வருஷமாக ஒருத்தன் வலையை ஒருத்தன் அறுத்தவர்கள், அண்ணன் தம்பி மாதிரி வழி கேட்டு வழி சொல்லிக்கொண்டார்கள்.

மேஜை மேல் எஞ்சின் ஆயில் டப்பா இருந்தது. பொட்டி அதைப் பல்லால் திறந்து இடது கை மேல் கவிழ்த்தான். ஒரு காலை மேஜைக் காலில் முட்டுக்கொடுத்தான். இழுத்தான். முதல் இழுப்பில் கண் இருட்டியது. இரண்டாவதில் தோல் கையுறை மாதிரி நகர்ந்தது, அவனே பார்த்தான். மூன்றாவதில் ஏதேதோ உடைந்து, கை வந்தது. கொஞ்சம் வைஸிலேயே தங்கிவிட்டது. தரையில் ஊர்ந்து போய், கருவியை அலமாரியிலிருந்து இழுத்து நெஞ்சு மேல் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினான்.

"மச்சான்."

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

"மச்சான், அது ஆள் இல்ல. கோட்டை. செம்பட்டையண்ணன இடிக்க வந்திருக்கு, உங்க பேர்ல. முன்னாடி போகாதீங்க. எல்லாரும் அதுக்குப் பின்னாடியா போங்க."

மறுபடி இரைச்சல். பிறகு மச்சான் கேட்டார், "எழுதினது நீயா?"

"ஆமா. கைய ஒடச்சாங்க."

"எந்தக் கைய?"

பொட்டி பதில் சொல்வதற்குள் கருவியில் எஞ்சின் இரைச்சல் பெருகிவிட்டது. மச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை.

கடலில் நடந்ததைப் பிறகு ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரி சொன்னான். 'கோட்டை'யின் டிரைவருக்குச் செம்பட்டை ஒருவன்தான் தேவை. ஆனால் மூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வரவேண்டிய ஒரு படகுக்குப் பதில் பின்னால் பதினேழு படகு வந்தது. அவன் திருப்பிய வேகத்தில் செம்பட்டையின் படகு விளிம்பு நசுங்கி, மூத்த மகனின் பாதம் அதில் சிக்கியது. அவன் போட்ட கூச்சல் பொட்டியின் ஒற்றைக் காதுக்கும் கருவி வழியாக வந்தது. சிறுபடகுக்காரர்கள் கயிறு வீசி ஏறினார்கள். துடுப்பு, சுத்தி, ஐஸ் உடைக்கிற கம்பி, கையில் எது இருந்ததோ அது. டிரைவர் கொக்கிக் கம்பை வீசியதில் முதலில் ஏறியவரின் தோளுக்குள் கொக்கி போனது. ஏறியவர் மச்சான். கொக்கி தோளில் தொங்க, அவர் டிரைவரின் முகத்தை எஞ்சின் மூடி மேல் வைத்துத் தட்டினார். அவன் இடுப்பிலிருந்து ஒரு இரும்புக் கம்பி கழன்று விழுந்தது. அதையும் எடுத்துத் தட்டினார். ரோந்துக் கப்பல் வந்தபோது டிரைவருக்குத் தாடை இரண்டு இடத்தில் போயிருந்தது.

அந்தக் களேபரத்தில் சமையல்காரன் பயந்து கடலில் குதித்தான். நீச்சல் தெரியாது. கவிழ்த்த அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தவனைச் செம்பட்டையே தூக்கினான். ஆக, தண்ணீரில் ஆள் என்று அந்தப் பெட்டி சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

டன்னைக் கரையிலேயே பிடித்தார்கள். பொட்டிக்கு இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். இந்தப் பக்கம் பொட்டி, அந்தப் பக்கம் தோளில் பதினாறு தையலோடு மச்சான். நடுவில் ஸ்டூலில் அக்கா. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல், ஒரே தட்டில் பிசைந்து ஆளுக்கொரு வாய் ஊட்டினாள்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். அபாய எண்ணைப் பொய்யாக எழுதியது குற்றம், விசாரணை முடியும்வரை கேபிளும் கடவுச்சொல்லும் ஆபீஸ் வசம் என்றார். பொட்டி தலையாட்டினான். விசாரணைத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர்கள் எழுதச் சொன்ன எண் எது என்று கேட்டார். புத்தகம் பட்டறையில் இருக்கும், ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லவா என்றும் கேட்டார்.

தலையில் எல்லாம் இருக்கிறது என்று பொட்டி அன்றைக்குச் சொன்னது புளுகு. துறைமுகத்தில் இருநூறு படகு, ஒன்றின் எண்ணும் அவனுக்கு நினைவில் நிற்காது, புத்தகம் இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஆனால் அவன் புத்தகம் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, நிறுத்தாமல், தடுமாறாமல், 'மைனா'வின் எண்ணை ஒன்பது இலக்கமும் சொன்னான். தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் திரையில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பான் என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அக்கா தட்டைக் கழுவப் போனாள். மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே, விசிலோடு சொன்னார்.

"டேய். இன்னொரு தடவ சொல்லு. மெதுவா. நானும் பாடம் பண்ணிக்கறேன்."